முதுகுப் படம்

பாட்டு ஏற்றக் கொடுத்து வாங்கிவந்த மெமரி கார்டில் பஜ்ஜி எண்ணெய் மணந்தது. செல்போன் கடைக்காரன் தின்ற கையோடு எடுத்திருப்பான் போல. இவாஞ்சலின் முகம் சுளித்து, அதைச் சேலை முந்தியில் துடைத்து செல்போனில் செருகினாள். லோயர் கேம்பில் சாயங்காலக் கரண்ட் கட். மின்சாரம் எடுக்கிற ஊருக்கே கரண்ட் இல்லை என்ற கூத்தைச் சொல்லிச் சிரிக்க வீட்டில் ஆளில்லை. கணவன் இமானுவேலுக்கு வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை, சனிக்கிழமைதான் வருவான். அவள் கம்பத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஆண்டு விழா ஆட்டத்துக்காகத்தான் இந்தப் பாட்டெல்லாம்.

கார்டில் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தவள் ஒரு படத்தில் நின்றாள்.

அவள் முதுகு.

இரண்டு மாதத்துக்கு முன்னால் படர்தாமரை வந்தபோது எடுத்தது. துணியில்லாத முதுகில் சிவந்த வட்டங்கள், ஓரமெல்லாம் செதில் செதிலாக உரிந்த தோல், அதன்மேல் அப்பிய வேப்பிலைச் சாந்து. ஆம்பிளை டாக்டரிடம் முதுகைக் காட்டுவதற்குப் பதில் படத்தைக் காட்டிவிடலாம் என்று நினைத்து, கண்ணாடிக்கு முதுகைத் திருப்பி எடுத்தாள். திரும்பிப் பார்த்த முகமும் பாதி விழுந்திருந்தது. பிறகு அதைக் காட்டவும் கூசி, அன்றைக்கே அழித்துவிட்டாள். அழித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போது அது பாட்டுகளுக்கு நடுவே, சோற்றில் கிடக்கும் முடி மாதிரி கிடந்தது.

மறுபடி அழித்தாள். இருட்டில் மலையடிவாரத்து மின்நிலையக் குழாய்களில் தண்ணீர் இறங்கும் இரைச்சலும், ஜன்னலில் முட்டும் பூச்சியின் சத்தமும், வியர்வையும் மண்ணெண்ணெய்ப் புகையும் கலந்த வாடையும் சேர்ந்து அறையை அடைத்தன. ஆறிப்போன முதுகு அரித்தது. அந்த எண்ணெய்க் கை இதையும் பார்த்திருக்குமோ? இது வெளியே போனால் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் கரும்பலகைப் பக்கம் எப்படித் திரும்பி நிற்பது? வடித்த சோற்றைத் தொடாமலே படுத்தாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் நேரே கம்பம் பஸ் ஸ்டாண்டு ஓரத்து செல்போன் கடைக்குப் போனாள். உள்ளே நாலைந்து பேர் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரன் மாரிசெல்வம் புகையிலை எச்சிலை விழுங்கிவிட்டுச் சிரித்தான்.

"வாங்க டீச்சர். பாட்டு ஓடலையா?"

"நான் அழிச்ச படம் எப்படித் திரும்பி வந்துச்சு?"

"அதுவா? ஒங்க கார்டு மக்கர் பண்ணுச்சு. பாவம், படமெல்லாம் போயிருமேன்னு ரெக்கவரி போட்டேன். அழிச்சது எங்கன டீச்சர் போகும்? உள்ளயேதான் கெடக்கும்."

உபகாரம் செய்தவன் பேச்சு. அவன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். வரிசையாகப் பெயர்கள். மலையம்மாள் அக்கா. நதியா காலேஜ். இவாஞ்சலின் டீச்சர். பாட்டு ஏற்ற யார் கார்டைக் கொடுத்தாலும் அதை அப்படியே அள்ளி வைத்திருந்தான்.

"எதுக்கு இதெல்லாம்?"

"கார்டு தொலைஞ்சா எங்கிட்டதான வருவாக?"

அவன் கை பட்டுப் பட்டு மவுஸில் கறுப்பு அழுக்கு பிசுபிசுத்தது. அந்த அழுக்கே தன் முதுகில் அப்பியதுபோல இவாஞ்சலின் முந்தியை இழுத்து முதுகை மூடினாள். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது; நன்றி வேறு எதிர்பார்க்கிறது.

"அழி. என் கண்ணு முன்னால அழி."

"அழிக்கிறேன், கோவிச்சுக்கிறீகளே." அவள் பெயர் மறைந்தது.

"யாருக்காச்சும் குடுத்தியா?"

"எங்காத்தா சத்தியமா இல்ல டீச்சர்." உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் போனைச் சட்டென்று சட்டைப்பைக்குள் போட்டான்.

குமுளி பஸ்ஸில் ஒரே கூட்டம். கடைசி பெஞ்சு மூலையில்தான் இடம் கிடைத்தது. தாழ்ப்பாள் உடைந்த பின்கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்; எல்லோரும் முன்பக்கம்தான் இறங்க வேண்டும். பின்பலகையில் முதுகைச் சாய்த்ததும்தான் மூச்சு வந்தது. அழித்தாயிற்று. கண்ணால் பார்த்தாயிற்று. கூடலூர் தாண்டும்போது வெளியே திராட்சைத் தோட்டங்கள் இருட்டிக்கொண்டு வந்தன.

மடியில் போன் அதிர்ந்தது. பக்கத்துப் போனுக்குக் காசில்லாமல் படம் அனுப்புகிற புளூடூத். ஒரு படம் வருகிறது, வாங்கிக்கொள்ளவா என்று கேட்டது. அனுப்புகிறவர் பெயர்: இவாஞ்சலின் டீச்சர். கடைக் கம்ப்யூட்டரில் பார்த்த அதே பெயர்.

வேண்டாம் என்று அமுக்கினாள்.

மறுபடி அதிர்ந்தது. வேண்டாம்.

முன் சீட்டுக்காரரின் சட்டைப்பையில் வெளிச்சம் வந்தது. எடுத்தார். அமுக்கினார். அவர் தோளுக்கு மேலாக அவளுக்குத் தெரிந்தது. சிவந்த வட்டம். பச்சைச் சாந்து. பாதி முகம்.

அவர் பட்டாணி தின்ற கட்டைவிரலால் திரையைத் துடைத்தார். எச்சில் விரல். வட்டத்தின்மேல் போய் வந்தது.

அதற்கு முன் சீட்டில் ஒரு வெளிச்சம்.

அடுத்தது.

டிரைவர் சீட்டுவரை, ஒன்று விட்டு ஒன்று.

யாரோ செருமினார்கள். ஒரு தலை திரும்பியது. அவள் முகத்தைப் பார்த்தது. போனைப் பார்த்தது. பக்கத்துத் தலையை முழங்கையால் இடித்தது. எல்லாத் தலைகளும் திரும்பின.

அரித்தது. முதுகு முழுக்க.

பஸ் நின்றது.

"டீச்சர், லோயர் கேம்ப். எறங்குறீகளா?" கண்டக்டர் எப்போதும்போல மரியாதையாகத்தான் கேட்டார்.

எழுந்தாள். முன்கதவுவரை நடக்க வேண்டும். தாண்டிப்போகிற ஒவ்வொரு சீட்டுக்கும் முதுகைக் காட்ட வேண்டும். அவர்கள் காலை ஒதுக்கி நல்லபடியாக வழி விட்டார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவள் திரும்பக் காத்திருந்தார்கள்.

"பாத்து வாங்க டீச்சர்." கண்டக்டர் கதவைத் திறந்து பிடித்திருந்தார். அவருடைய இன்னொரு கையிலும், டிக்கெட் கட்டுக்குப் பக்கத்தில் இருந்த போனில், சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.