சேர்ந்து செய்ய வேண்டிய பாடம்

மகளின் பெயருக்கு நேரே இருந்த முதல் பெட்டி பச்சையாகியிருந்தது.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். வகுப்பில் நடத்துவது போக, மாணவர்கள் வீட்டிலிருந்து பார்க்க வேண்டிய இணையவழிப் பாடத்தின் முன்னேற்றப் பக்கம் அது. இடப்பக்கம் மாணவர்களின் பெயர்கள், வலப்பக்கம் பாடத்துக்கு ஒன்றாகச் சாம்பல் நிறப் பெட்டிகள். வீடியோவை முழுக்கப் பார்த்து, இடையில் வரும் கேள்விக்கும் பதில் சொன்னால்தான் பெட்டி பச்சையாகும். அடுத்த பாடமும் திறக்கும். தாயிடமே புள்ளியியல் படிக்கச் சேர்ந்த மகள், வகுப்புகள் தொடங்கிய வாரத்தில் ஆற்றுக்குக் குளிக்கப் போனவள், பிணமாகத்தான் வந்தாள். பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுக்கத் தாய்க்குக் கை வரவில்லை.

பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவுக்காரரைக் கூப்பிட்டாள்.

"உங்க வீட்டு இணைப்புலேர்ந்துதான் மேடம் உள்ள வந்திருக்காங்க."

"வீட்டுல நான் ஒருத்திதான் இருக்கேன்."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம். "அவங்க லேப்டாப் தானா ஓடியிருக்கும் மேடம். இந்த மெஷினுங்க போடுற ஆட்டத்துக்கு அளவே இல்ல. பேரை எடுத்துட—"

"வேண்டாம்."

மறுநாள் இரண்டாவது பெட்டியும் பச்சையாயிற்று. இடையில் வந்த கேள்விக்கு மூன்றாவது விடையைத் தொட்டிருந்தாள். தப்பான விடை. தெரியாத கேள்வி என்றால் மகள் எப்போதும் மூன்றாவதைத்தான் தொடுவாள். "முதலும் இல்ல, கடைசியும் இல்ல மேடம், யாரும் சந்தேகப்பட மாட்டாங்க" என்று சாப்பாட்டு மேசையில்கூட மேடம் போட்டுக் கிண்டலடிப்பாள். பேராசிரியை அந்தத் தப்பு விடையை விரலால் தடவிப் பார்த்தாள். திரை வெதுவெதுப்பாக இருந்தது.

ஒருவரிடம் பேசுவதுபோலப் பேசுங்கள், கேமராவை நேராகப் பாருங்கள் என்று ஆசிரியர் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் அப்படியே பேசினாள், மகளிடம். மாணவர்களில் ஒருவன், "வீடியோல யாரைப் பார்த்து மேடம் சிரிக்கிறீங்க?" என்று எழுதியிருந்தான்.

மழை விடாமல் பெய்த ஒரு பிற்பகலில், அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, ஓட்டில் விழும் நீரின் சத்தத்துக்கும் பால் பொங்கும் முணுமுணுப்புக்கும் அடியில், யாரோ மிகத் தணிந்த குரலில் சராசரியையும் விலக்கத்தையும் விளக்குவது அவளுக்குக் கேட்டது. அது தன் குரல்தான் என்பதும், கூடத்துக்கு அப்பால் மூடியிருந்த மகளின் அறையிலிருந்து வருகிறது என்பதும் மெதுவாகத்தான் பிடிபட்டது. கதவைத் திறந்தாள். குரல் நின்றது. ஆற்றுச் சேற்றின் வாடை முகத்தில் அடித்தது. மெத்தை நடுவில், ஒரு ஆள் குறுகிப் படுக்கும் அளவுக்கு, ஈரம்.

அவள் அலறவில்லை. விரிப்பை மாற்றி, உலர்ந்த துண்டொன்றை மடித்து வைத்துவிட்டு வந்தாள்.

கடைசிப் பாடத்தை மாணவர்கள் இருவர் இருவராகச் செய்ய வேண்டும். ஜோடி சேர்ப்பதைக் கணினியிடமே விட்டிருந்தாள். வகுப்புக்கே வராதவனோடு யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று, அண்மையில் உள்ளே வந்தவர்களை மட்டும் சேர்க்கும்படி முன்பே குறித்தும் வைத்திருந்தாள். மகள் தினமும் வந்துகொண்டிருந்தாளே. வகுப்பில் முன்வரிசையில் உட்காரும் பெண்ணோடு கணினி அவளைச் சேர்த்துவிட்டது.

மாற்றிவிடலாம். பேராசிரியையின் கை நகரவில்லை. மகளின் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் இருந்தது. அங்கே தனியாகக் கிடக்கிறாளே என்று நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்த ஒன்று சற்று அடங்கியது. அப்படியே விட்டாள்.

வகுப்பு கலைந்த பிறகும் முன்வரிசைப் பெண் போகவில்லை.

"மேடம், எனக்கு யாரை ஜோடி போட்டிருக்குன்னு பார்த்தீங்களா?"

"சிஸ்டம் தப்பும்மா."

"தப்புன்னா அவ எப்படி மெசேஜ் அனுப்புறா?" "எங்க உக்காந்து படிக்கிறேன்னு கேட்டா. பசங்க யாரோ விளையாடுறாங்கன்னு நினைச்சு, மாடி ரூம்ல, வாடின்னு போட்டேன். அதுலேர்ந்து ரூம் காயவே மாட்டேங்குது மேடம்."

"பார்க்கிறேன்."

பார்க்கவில்லை. அன்றும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. மகளின் கடைசிப் பெட்டி பாதி பச்சையாகியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வானம் இருண்டுகொண்டு வந்த மாலையில் தொலைபேசி அடித்தது. முன்வரிசைப் பெண்ணின் தாய்.

"டீச்சர், காலையிலேர்ந்து கதவைத் தொறக்க மாட்டேங்குறா. ஜோடியோட பாடம் பண்றேன்னு போனவ. உள்ள தண்ணி சத்தம் கேக்குது டீச்சர். எங்க மாடியில ஏது தண்ணி? எனக்கு இவ ஒருத்திதான்..."

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். அன்று ஆற்றங்கரையில் தன்னிடமிருந்தே வந்த குரல் அது.

ஜோடிகளின் பக்கத்தைத் திறந்தாள். மகளின் பெயரை நீக்கப் போனாள். திரை எச்சரித்தது. *இவர் செய்த அனைத்தும் அழிந்துவிடும். திரும்பப் பெற இயலாது.* அத்தனை பச்சைப் பெட்டிகளும். அந்தத் தப்பு விடைகளும்.

முடியவில்லை.

முன்வரிசைப் பெண்ணின் பெயரை மட்டும் வெளியே இழுத்தாள். காலியான இடத்தில் தன் பெயரை இட்டாள். 'சேமி'யைத் தொட்டாள்.

தொலைபேசியில் தடாலென்று ஒரு சத்தம். கதவு. பிறகு இருமல், அழுகை. "தொறந்துட்டா! தொப்பலா நனைஞ்சிருக்கா, ஆனா மூச்சு விடுறா டீச்சர்..."

தொலைபேசியை வைத்தாள்.

திரையின் மூலையில் செய்தி வந்து நின்றது. *எங்க உக்காந்திருக்கே?*

விரல் எழுத்துகளைத் தவறவிட்டது. அழித்தாள். மறுபடி எழுதினாள். *கூடத்துலதான் கண்ணு. வா.*

வெளியே மழை இன்னும் தொடங்கவில்லை. வீட்டுக்குள் மட்டும் சொட்டியது.

மகளின் அறைக்கதவு திறந்தது. ஈரப் பாதம். இன்னொன்று. நின்றது. மறுபடி.

சேற்று வாடை.

பக்கத்து நாற்காலி தரையில் இழுபட்டது. பாரம் உட்கார்ந்தது. மேசை விளிம்பிலிருந்து நீர் வழிந்து அவள் மடியில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தாங்காது என்று தெரியும்.

கையை மட்டும் நீட்டினாள்.

ஊறிப்போன விரல்கள் அவள் விரல்களுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்தன. ஜில்லென்று. இறுக்கிப் பிடித்தாள். பிடித்த இடத்தில் தோல் நழுவி, கையுறைபோலக் கழன்று, அவள் உள்ளங்கையோடு வந்தது.

அவள் விடவில்லை.