முற்றத்தில் எத்தனை பேர்?

"வெக்கம் கெட்ட பொண்ணு!"

மேல்வீட்டு ஷம்சியா மாமி போனில் சொன்னது, மாடிப்படியில் நின்றிருந்த ஹிஃப்ஸாவுக்கு நன்றாகவே கேட்டது.

"அவ ஊர்ல குண்டு விழுந்துக்கிட்டு இருக்கு. பெத்த உம்மா எங்கேயோ கூடாரத்துல கெடக்கா. இவளுக்கு இங்க மருதாணி கேக்குது! ஆளுங்களக் கூட்டி ஆட்டமும் பாட்டும். ஓனருக்கே போன் போட்டுச் சொல்லிட்டேன்."

ஹிஃப்ஸாவுக்குக் காது சூடானது.

தோஹாவில், நஜ்மா பகுதியில், ஒரு பழைய வில்லா அது. ஆறு வீடுகளாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஆறு வீட்டுக்கும் ஒரே முற்றம், ஒரே கேட். பத்து வயது ஹிஃப்ஸாவின் வீடு கீழே, மாமியின் வீடு மேலே. இரண்டு குடும்பமும் கீழக்கரை.

மாமி திட்டியது பக்கத்து வீட்டு ரிஹாபை. ரிஹாப் சூடான் நாட்டுப் பெண். தன் அப்பாவோடும் இரண்டு தம்பிகளோடும் இருந்தாள். காலையில் குழந்தைகள் பள்ளியில் வேலை. மாலையில் சமையல், துவையல், தம்பிகளின் வீட்டுப்பாடம். ஹிஃப்ஸாவுக்கு அரபிப் பாடம் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

அவளுடைய அம்மா தோஹாவுக்கு வருவதற்குள் சூடானில் சண்டை தொடங்கிவிட்டது. நாட்டை யார் ஆள்வது என்று இரண்டு தளபதிகள் மோதினார்கள். குண்டு விழுந்தது அங்கிருந்த ரிஹாபின் வீட்டுச் சமையலறையில்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ரிஹாபுக்குக் கல்யாணம். அதற்கு முன், வெள்ளிக்கிழமை மாலை முற்றத்தில் மருதாணி.

ஹிஃப்ஸா ஓடிப்போய் ரிஹாபின் கதவைத் தட்டினாள். ரிஹாபின் கையில் போன். வில்லாவின் வாட்ஸ்அப் குழுவில் ஓனர் அனுப்பிய செய்தி அதில் இருந்தது: 'முற்றத்தில் வெளியாட்கள் கூடக் கூடாது. வாட்ச்மேன் கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்.'

"மருதாணி வைக்கிறவங்களும் வெளியாள்தான். என் தோழிகளும் வெளியாட்கள்தான்" என்றாள் ரிஹாப். அவர்கள் இருவரும் ஆங்கிலத்தையும் அரபியையும் கலந்துதான் பேசுவார்கள். "விடு. வேண்டாம்."

"உங்க அம்மா போன்ல பார்ப்பாங்கன்னு சொன்னீங்களே?"

ரிஹாப் தலையசைத்தாள்.

"அம்மா இருக்கிற ஊரில் ஒரே ஒரு கடையில்தான் இன்டர்நெட். வெள்ளி மாலை அரை மணி நேரம் அம்மாவின் முறை. அதற்காக ஒரு நாள் முழுக்க லாரியில் வருகிறார். என் மருதாணிக்கு எத்தனை பெண்கள் வந்தார்கள் என்று பார்க்க வேண்டுமாம். நான் இங்கே தனியாக இல்லை என்று தெரிந்தால் போதுமாம்." அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "காலி முற்றத்தையா காட்டுவது? கல்யாணம் தள்ளிப்போய்விட்டது என்று பொய் சொல்லப் போகிறேன்."

ஹிஃப்ஸா நேராக மாடி ஏறினாள். இந்த முறை கதவைத் தட்டிய சத்தம் கேட்டு ஏசி கம்ப்ரஸரில் இருந்த புறாக்கள் பறந்தன.

"என்னடீ, கதவ ஒடச்சிருவியா?" என்று மாமி வந்தார்.

"மாமி, உங்க மவன் ஜைத் காக்கா நிக்காஹ் எப்ப நடந்துச்சு?"

"கொரோனால. எதுக்குக் கேக்குற?"

"நீங்க இங்க மாட்டிக்கிட்டீங்க. ஊர்ல நடந்ததப் போன்லதான் பாத்தீங்க. அந்த வீடியோவ எனக்கே ஏழு தடவ போட்டுக் காட்டியிருக்கீங்க!"

"அதுக்கு என்னாங்குற?"

"அப்ப ஊர்ல தினம் தினம் மவுத்து, தெருவுக்குத் தெரு சாவு. யாராச்சும் வந்து 'வெக்கமா இல்ல'ன்னு உங்கள கேட்டாங்களா? ஓனருக்குப் போன் போட்டாங்களா?"

மாமி கதவைப் படாரென்று சாத்தினார்.

கீழே உம்மா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். "பெரியவங்ககிட்ட இப்புடியா வாயாடுவே?"

"நான் சொன்னது தப்பா உம்மா?"

உம்மா யோசித்தார். "சொன்னது தப்பில்ல. சத்தம்தான் தப்பு."

ஹிஃப்ஸா படியில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபத்தில் அழுகை வந்தது. மேலும் கீழுமாக ஆறு கதவுகள். ஒவ்வொரு கதவுக்கு வெளியேயும் செருப்புகள். அவள் செருப்புகளைப் பார்த்தாள். பெண்களின் செருப்புகளை மட்டும் எண்ணினாள். சட்டென்று எழுந்தாள்.

"உம்மா! நம்ம யாரும் வெளியாள் இல்லயே?"

முதலில் நர்ஸ் ஜோதிமணியின் கதவைத் தட்டினாள்.

"வெள்ளிக்கிழமை எனக்கு மார்னிங் டூட்டிதான். வந்திடறேன்" என்றார் ஜோதிமணி. "என்ன போட்டுக்கிட்டு வரணும்?"

"பட்டுச்சேலை!"

பிலிப்பைன்ஸ் அக்காக்கள் இருவரும் கேக் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். மலையாள டீச்சர், தன் இரண்டு மகள்களோடு வருவதாகச் சொன்னார். உம்மா தானே மருதாணி வைப்பதாக ஒப்புக்கொண்டார். "ஆனா அவங்க ஊர் டிசைன் எனக்குத் தெரியாதும்மா."

மாடி வீட்டுக் கதவை மட்டும் ஹிஃப்ஸா தட்டவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை முற்றத்தில் பாய் விரித்தார்கள். வாட்ச்மேன் சோலைமுத்து தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"பாப்பா, ஓனர் என்னைய திட்டுவாரே!"

"வெளியாளு யாராச்சும் வந்தாங்களா அண்ணே?"

சோலைமுத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "இல்ல. எல்லாம் நம்ம ஆளுங்க." கொஞ்சம் யோசித்தார். "வெளியாளு வந்தா கேட்டைச் சாத்தலாம். உள்ள இருக்கவங்களுக்கு நான் எந்தக் கேட்டைச் சாத்துறது?" என்று சொல்லிவிட்டு, கேட்டுக்கு வெளியே நாற்காலியைப் போட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

ரிஹாப் சிவப்புத் துணி போர்த்தி வந்து நடுவில் உட்கார்ந்தாள். உம்மா அவள் உள்ளங்கையில் முதல் கோடு இழுத்தபோது போன் ஒலித்தது.

திரையில் ஒரு மெலிந்த முகம். பின்னால் ஒரு தகரச் சுவர். ஹிஃப்ஸா போனை வாங்கி முற்றத்தைச் சுற்றி மெதுவாகக் காட்டினாள்.

ரிஹாபின் அம்மா விரல்விட்டு எண்ணினார். "ஒன்று, இரண்டு, மூன்று..." ஏழு வரை எண்ணினார். பிறகு அழுதார். பிறகு சிரித்தார். பிறகு திடீரென்று நாக்கைச் சுழற்றி உரக்க ஒரு நீண்ட ஒலி எழுப்பினார்.

முற்றத்தில் எல்லோரும் திகைத்தார்கள்.

"எங்கள் வழக்கம்" என்றாள் ரிஹாப். "அம்மா தொடங்கினால், மணப்பெண்ணோடு இருக்கிற பெண்கள் பதில் கொடுக்க வேண்டும். எனக்கு... மணப்பெண்ணே கொடுக்கக் கூடாது."

"உம்மா, இது நம்ம குலவைதான்!" என்றாள் ஹிஃப்ஸா.

உம்மா முயன்றார். காற்றுதான் வந்தது. ஜோதிமணிக்கு இருமல் வந்தது. திரையில் அந்த அம்மா காத்துக்கொண்டிருந்தார். அரை மணியில் இருபது நிமிடம் போய்விட்டது.

அப்போது மேலிருந்து ஒரு குலவை கிளம்பியது. கூர்மையாக, நீளமாக, மூச்சே விடாமல். முற்றம் அதிர்ந்தது. சோலைமுத்து நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

மாடி ஜன்னலில் ஷம்சியா மாமி. கண்கள் சிவந்திருந்தன.

திரையில் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "யார் அது?" என்று அரபியில் கேட்டார்.

ரிஹாப் ஹிஃப்ஸாவைப் பார்த்தாள். ஹிஃப்ஸாவின் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. இருந்தாலும் சொன்னாள்:

"எங்க மாமி."

சற்று நேரத்தில் மாமி படியிறங்கி வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. ரிஹாபின் தலையை ஒருமுறை தடவினார். அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"யாரு இழுத்த கோடு இது? கோழி கிண்டுன மாரி இருக்கு! ஏய் ஹிஃப்ஸா, அந்தப் பக்கம் தள்ளி உக்காரு."

ஹிஃப்ஸா தள்ளி உட்கார்ந்தாள். தகரச் சுவருக்கு முன்னால் இருந்த அந்த அம்மா, எட்டாவது விரலை மடக்கினார்.