ஆள் இல்லாத தெரு

புயல் அடித்து ஏழெட்டு வருஷம் தகரக் கொட்டகையில் காலம் தள்ளிய தையல்காரிக்கு, ஒருவழியாகப் பள்ளத் தெருவில் ஒரு வீடு கிடைத்தது. மேட்டுப் பக்கத்து மாளிகைகளுக்குப் புயலடித்த மாசமே கரண்ட் வந்துவிட்டது. அவற்றின் ஜன்னல்களுக்குத் திரை தைத்துக் கொடுத்ததே இவள்தான். பள்ளத்துக்கு மட்டும் அரசாங்கத்தின் பார்வை இறங்கி வர இத்தனை வருஷம். வந்துதான் என்ன கிழித்தார்கள்? தெரு முழுக்க இடிந்து கிடக்க, ஒரே ஒரு வீட்டுக்குப் பூச்சு பூசி, புதுக் கதவு போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதுவாவது கிடைத்ததே என்று தையல் மெஷினையும் மகளையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

மகளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். உள்ளே நுழைந்ததுமே அந்த வால் சுருண்டுவிட்டது.

"அம்மா, சேத்து வாடை அடிக்குது."

அடித்தது உண்மைதான். புதுச் சுண்ணாம்பையும் மீறி, மேலே பரணிலிருந்து இறங்கி வந்தது.

"மழைக்காலம்டி, அப்படித்தான் இருக்கும்" என்று மகளின் வாயை அடைத்தாள். அன்று சாயங்காலம் வீட்டுவசதி அதிகாரி சரிபார்க்க வருகிறார். அவர் தட்டும்போது ஆள் குடியிருந்தால் வீடு இவளுக்கு. இல்லையென்றால் மறுபடியும் கொட்டகைதான். அதனால் அவள் கடைகண்ணிக்குக்கூடப் போகாமல், பின்கட்டில் வாலுவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

கதவு போட்ட தச்சர் பின்பக்கமாகச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார். இதே தெருவில் பிறந்து வளர்ந்து, புயலில் எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்.

"ஏம்மா, கதவு மழையில ஊதியிருக்கும், இழைச்சுக் கொடுப்போம்னு வந்தா, பிள்ளைய விட்டு யாரும் இல்லன்னு சொல்லச் சொல்றியே! நான் என்ன வேண்டாத விருந்தாளியா?"

"என்னண்ணே சொல்றீங்க?"

"வாசல்ல தட்டினேன். 'வீட்டுல யாரும் இல்ல'ன்னு உள்ளேருந்து பதில் வந்துச்சே."

"வாலு இங்கதானே இருக்கா. அவ சடை என் கையில இருக்குண்ணே."

தச்சர் வாலுவைப் பார்த்தார். அவருடைய சிரிப்பு அப்படியே செத்துப்போனது.

"பையன் குரல்" என்றார்.

இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினார்.

"அந்தக் காலத்துல இந்தத் தெருவைக் காலி பண்ணச் சொல்லி ஓயாம ஆளுங்க வருவாங்க. வேலைக்குப் போற தாய்மாருங்க பிள்ளைங்களை உள்ள வச்சுப் பூட்டிட்டு, 'யார் தட்டினாலும் வீட்டுல யாரும் இல்லன்னு சொல்லு'ன்னு சொல்லிட்டுப் போவாங்க. இதுங்களும் உள்ளேருந்து தொண்டை கிழியக் கத்தும், 'யாரும் இல்ல'ன்னு. நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம்."

"புயல் அன்னிக்கு?"

"இந்த வீட்டுக்காரி மேட்டு வீட்டுல வேலையில மாட்டிக்கிட்டா. பையன் பரண்ல ஏறிட்டான். படகுல தேடி வந்தவங்க தட்டிக் கூப்பிட்டிருக்காங்க. சொல்லிக்கொடுத்ததைத்தானே பிள்ளை சொல்லும்? அந்தக் காத்துல அதுவும் கேட்டுச்சோ என்னவோ. கதவுல 'ஆள் இல்லை'ன்னு பெயிண்ட்ல எழுதிட்டுப் போயிட்டாங்க. உள்ள எத்தனை பேர் மாட்டியிருக்காங்கன்னு பார்க்காம, இந்தத் தெருவுல எல்லாக் கதவுலயும் அதையேதான் எழுதினாங்க."

தச்சர் எழுந்துவிட்டார்.

"உனக்கு முன்னாடி ஒரு குடும்பம் வந்துச்சும்மா. அதிகாரி தட்டினப்ப அவங்க பின்னாடி துணி காயப்போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. உள்ளேருந்து பதில் வந்திருச்சு. வீடு காலின்னு எழுதி அவங்களைக் கிளப்பிட்டாங்க. நீ வாசல்லயே இரு. நான் வரேன், கோவிச்சுக்காத."

கதவை இழைக்காமலேயே போய்விட்டார். நல்ல ஆம்பிளை!

வாலுவை இடுப்போடு அணைத்துக்கொண்டு அவள் முன்கட்டுக்கு ஓடினாள். தாழ்ப்பாளை நீக்கி இழுத்தாள். ஊதிப்போன கதவு இம்மிகூட அசையவில்லை. வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தூரத்து மேட்டில் விளக்குகள் வரிசையாக எரிய ஆரம்பித்தன.

சொட்.

தையல் மெஷின் மேல் சேற்றுத் தண்ணீர் விழுந்தது.

சொட்.

ஜீப் வந்து நின்றது. செருப்புச் சத்தம் படியேறியது. கதவு தட்டப்பட்டது.

"யாராவது இருக்கீங்களா?"

வாலு பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தாள். "வீட்டுல யா—"

கொட்டகையில் அவளுக்கும் அதே பாடம்தான். தையல்காரி அவள் வாயை இறுக்கிப் பொத்தினாள்.

பரண் பலகை முனகியது. விளிம்பில் நாலு சின்ன விரல்கள் தெரிந்தன. ஊறி வெளுத்த விரல்கள்.

மேலே யாரோ மூச்சை இழுத்தார்கள், பேசுவதற்கு.

"கண்ணு" என்றாள் தையல்காரி. "அதைச் சொல்லாதடா. உங்கம்மா சொன்னது தப்பில்ல. ஆனா இவர் நம்மளைத் துரத்த வரல. நீ இல்லன்னு சொன்னா என் பொண்ணு தெருவுல நிப்பா. இருக்கோம்னு சொல்லுடா, என் ராசா."

மறுபடியும் தட்டல். "யாரும் இல்லையா?"

சொட்டுவது நின்றது.

"இருக்கோம்."

கணீரென்று வந்தது குரல். அவளும் கூடவே "இருக்கோம், இருக்கோம்!" என்று கத்தியபடி கதவைப் பிடித்து இழுத்தாள். அதுவரை சண்டித்தனம் பண்ணிய கதவு வெண்ணெய் மாதிரி திறந்துகொண்டது.

அதிகாரி பெயிண்ட் டப்பாவும் பிரஷுமாக நின்றிருந்தார். கதவில் 'ஆள் உண்டு' என்று எழுதினார். தையல்காரிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"பையனுக்கு நல்ல குரல்மா."

"ஆமாங்க" என்றாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"சரி, நீங்க ஒருத்தர்தான். மீதி வீடெல்லாம் காலின்னு எழுதிக் கொடுத்துட்டா நாளைக்கு இடிச்சிடுவாங்க. மேட்டு ஹோட்டலுக்கு கார் நிறுத்த இடம் வேணுமாம்."

பக்கத்து வீட்டுக்குக் கூரையே கிடையாது. கதவில் அந்தப் பழைய எழுத்து மட்டும் மிச்சம் இருந்தது. சட்டத்துக்காக அதிகாரி அதையும் தட்டி, கொட்டாவி விட்டபடியே கேட்டார்.

"யாராவது இருக்கீங்களா?"

"இருக்கோம்" என்றது ஒரு கிழவரின் குரல்.

அதிகாரியின் கையிலிருந்து டப்பா விழுந்து உருண்டது.

அவர் தட்டாத எதிர்வீட்டிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "இருக்கோம்."

அதற்கடுத்த வீட்டிலிருந்து. அதற்கும் அடுத்ததிலிருந்து. கைக்குழந்தையின் அழுகையோடு சேர்ந்து ஒரு வீட்டிலிருந்து. இருட்டிவிட்ட தெருவின் கடைசிவரை, ஒவ்வொரு கதவாக.

"நாங்களும் இருக்கோம்."