பெனிட்டாவின் வயிற்றுத் தழும்பு

காலையில் குளித்துவிட்டு ஈரம் காய்வதற்குள், கழுத்துவரை மூடுகிற சூட்டுக்குள் கால் விட்டுவிட வேண்டும். காய்ந்த உடம்பில் அது ஏறாது. முட்டியில் வந்து நின்றுகொண்டு உயிரை வாங்கும். கழுத்துக் கொக்கியை அழுத்தினால் உடம்பு முழுக்க ஒரு சின்ன அதிர்வு ஓடும். அதன்பிறகு கண்ணாடியில் தெரிவது நான் இல்லை, அரசாங்கம். கழுத்துக்கு மேலே மட்டும்தான் சண்முகவடிவு. அன்றைக்குப் பச்சைக் கட்டம் போட்ட சேலையைத் தேர்ந்தெடுத்தேன். சேலை என்றால் துணி இல்லை, சூட்டின்மேல் ஓடுகிற படம்.

சட்டத்தில் அதற்குச் சமவுறை என்று பெயர். தூத்துக்குடியில் எல்லோருக்கும் அது சூட்டுதான். ஒல்லியோ குண்டோ, உள்ளே யார் இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே உடம்பு, நாட்டு மக்கள் எல்லோருடைய அளவையும் கூட்டி எடுத்த நடுவுடல். தொட்டாலும் கைக்கு அதே மெத்தைதான் கிடைக்கும். முன்பெல்லாம் பிள்ளைகள் அடுத்தவர் உடம்பைப் பார்த்து ஏங்கிப் பட்டினி கிடந்தார்களாம், கத்தி வைத்துச் சதையைச் செதுக்கிக்கொண்டார்களாம், சிலர் செத்தும் போனார்களாம். அதனால்தான் இந்தச் சட்டம். வீட்டுக்குள் கழற்றக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வளர்ந்த வளர்ப்பு அப்படி. அடுத்தவர் முன்னால் வெறும் முழங்கை தெரிந்தாலே எங்களுக்குக் கூசும். புருஷன் பெண்டாட்டி என்றாலும் அப்படித்தான். பிள்ளை எப்படிப் பிறந்தது என்று கேட்காதீர்கள், அதற்கும் சூட்டில் வழி வைத்திருக்கிறார்கள்.

பொறாமை ஒழிந்த நாடு என்று வருஷத்துக்கு ஒருமுறை விழா எடுக்கிறார்கள். ஒழிந்ததாம், பெரிய ஒழிப்பு. எதிர்வீட்டுக்காரியின் காதுமடலைப் பார்த்து நான் பட்ட வயிற்றெரிச்சல் அவர்களுக்கு என்ன தெரியும்? உடம்பை மூடினால் பொச்சரிப்பு கழுத்துக்கு மேலே ஏறிக்கொள்ளும், அவ்வளவுதான்.

எனக்கு இன்னொரு எரிச்சலும் இருந்தது. குளியலறைக் கண்ணாடிக்கு மட்டும் தெரிந்த ரகசியம், நான் அழகி. இடுப்பு ஒரு பிடிதான். வயிறு தட்டை, தோலில் ஒரு கோடு கிடையாது. இதை யாருமே பார்த்ததில்லை, என் வீட்டுக்காரர் உட்பட. பதினோரு வருஷமாக அவரோடு குடும்பம் நடத்துகிறேன். பேச்சிமுத்து தங்கமான மனுஷன், துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரங்களைக் கண்காணிக்கிற வேலை. ஒருநாளாவது, வடிவு, அதைக் கழற்றேன், உன்னைப் பார்க்கிறேன் என்று கேட்பாரா என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை. நானாகக் கழற்றிக்கொண்டு நிற்க எனக்கு ரோஷம்.

உப்பு மூட்டை அடுக்கிவைத்திருந்த பழைய கிட்டங்கியில் கம்ப நடன வகுப்பு தொடங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் இதுதான். வீட்டில் தோள்வலிக்கு உடற்பயிற்சி என்று சொல்லிவைத்தேன். தரையிலிருந்து கூரைவரை போகிற எஃகுக் கம்பம். அதில் ஏறி, சுழன்று, தலைகீழாகத் தொங்க வேண்டும். சூட்டைப் போட்டுக்கொண்டு ஏறினால் வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிடும். கம்பத்தைப் பிடிப்பது கை மட்டும் இல்லை, தொடையும் கைமடிப்பும் வயிறும்தான். அந்த இடங்களில் தோல் தெரிந்தே ஆக வேண்டும். ஊரில் சட்டப்படி தோல் தெரியலாம் என்று விலக்கு வாங்கிய ஒரே இடம் அந்தக் கிட்டங்கிதான்.

அங்கே போனபிறகுதான் யாருக்கும் உடுத்த ஒன்றுமில்லை என்பது தெரிந்தது. படச்சேலை கட்டிப் பழகிய ஊரில் துணி ஏது, தையற்காரர் ஏது, அளவு ஏது? ஜீனத் டீச்சர் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு ஜோடி. ஜோடிக்காரியின் தொடை, இடுப்பு, மார்பு எல்லாவற்றையும் நூலால் சுற்றி வெட்டிக்கொண்டு, அந்த நூலை வைத்து அவளுக்குக் கால்சட்டையும் மேல்கச்சையும் தைத்துக்கொடுக்க வேண்டும். அளவு நாடா கூடாது. நாடாவில் எண் இருக்கும், எண் வந்தால் யார் பெரிது யார் சிறிது என்ற பேச்சு வரும், நூல் வாயைத் திறக்காது என்பார் டீச்சர். எவ்வளவு மூட வேண்டும் என்பது அவரவர் விருப்பம். கஸ்டம்ஸ் ஆபீசில் வேலை பார்க்கும் தாவீது முழுக்கைச் சட்டை கேட்டார், கிடைத்தது. கம்பத்தில் படுகிற இடம் மட்டும் திறந்திருந்தால் போதும்.

எனக்கு ஜோடியாக வந்து வாய்த்தவள் பெனிட்டா.

சூட்டில் பார்த்தபோது எல்லோரையும்போல் இருந்தாள். கழற்றினாள் பாருங்கள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆள் நல்ல பருமன். தொடை இரண்டும் ஒன்றோடொன்று உரசும். வயிறு மடிந்து இறங்கியிருந்தது. அந்த மடிப்புக்குக் கீழே, குறுக்கே, விரல் தடிமனில் ஒரு தழும்பு. பிள்ளை பெற்ற தழும்பு. வெளியே தெரிகிறதே என்ற வெட்கம் துளி இல்லை. கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"நல்லா இறுக்கிப் பிடிச்சு அளந்துக்கோங்கக்கா, தொளதொளன்னு இருந்தா எனக்குப் பிடிக்காது" என்றாள்.

பாவம், இந்த உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாள் என்று மனதார இரக்கப்பட்டேன். அந்த இரக்கம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கம்பத்தில் நான் பிடித்தால் எலும்பில் இடிக்கும், உயிர்போகிற வலியோடு வழுக்கிக்கொண்டு இறங்குவேன். அவள் தொடை கம்பத்தைக் கவ்வினால் கவ்வியதுதான். இரண்டு கையையும் விட்டுவிட்டுச் சிரிப்பாள். தலைகீழாகத் தொங்குவதற்கு நாங்கள் வௌவால் என்று பெயர் வைத்திருந்தோம். எனக்கு வௌவால் வருவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. அவளுக்கு மூன்றாம் நாள் வகுப்பிலேயே வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். என் ஒரு பிடி இடுப்பை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வகுப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் சூட்டைக் கழற்றத் தயங்கினால் டீச்சர் பெனிட்டாவைத்தான் பக்கத்தில் உட்காரவைப்பார். அவள் தழும்பைத் தடவிக்கொண்டே ஏதாவது பேசுவாள். பத்து நிமிஷத்தில் அந்த ஆள் கழற்றிவிடும்.

அந்தத் தழும்புதான் என்னைப் படுத்தியது. எனக்கும் பிள்ளை அறுத்துத்தான் பிறந்தது. இசக்கி வயிற்றில் குறுக்கே கிடந்தாள், பிழைக்கமாட்டோம் என்றே நினைத்தேன். தையல் பிரிக்கும்போது நர்ஸம்மா, அழிப்புக்கதிர் காட்டிவிடட்டுமா, சுவடே தெரியாது என்று கேட்டார். காட்டுங்கள் என்றேன். சூட்டுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அப்போது தோன்றவில்லை. எனக்கு என் வயிறு வழுவழுப்பாகத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்காரர் ஆபரேஷன் அறைக்கு வெளியே நின்றிருந்தார். அவருக்கு இது தெரியாது, சொல்லும்படி ஒரு சமயமும் வரவில்லை.

ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது பெனிட்டாவின் தொடை நூலை எடுத்து என் தொடையில் சுற்றிப் பார்த்தேன். ஒரு சுற்றுப் போக, பாதி மிச்சம் தொங்கியது. முன்பென்றால் சந்தோஷப்பட்டிருப்பேன். அந்த மிச்ச நூலைப் பார்க்கப் பார்க்கப் பத்திக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலிலேயே அவளுடைய அடுத்த கால்சட்டையைத் தொப்புள்வரை ஏற்றி, தழும்பு முழுக்க மூடும்படி தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அழகாக இருக்கிறதக்கா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சொல்லிவிட்டு, அதன் இடுப்பை இரண்டு மடிப்பு மடித்துத் தழும்புக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டாள். வயிற்றுத் தோல் கம்பத்தில் பட்டால்தான் அவளுக்குப் பிடி கிடைக்குமாம்.

ஆறு மாதம் கழித்துத் திறந்த நாள் வைத்தார்கள். வீட்டார் வந்து பார்க்கலாம். அதற்குச் சட்டம் ஒரு நிபந்தனை போட்டது. பார்வையாளர் முன்னால் சூட்டைக் கழற்றினால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். எந்த உடம்பு எந்தப் பெயருக்கு உரியது என்று தெரியக் கூடாது. கறுப்புத் துணியில் முகத்திரை தைத்துக்கொண்டோம். நம் வீட்டு ஆட்களுக்கு நம்மை அடையாளம் தெரியுமா என்று ஆளாளுக்குக் கேலி பேசினார்கள். அதெப்படித் தெரியும், பார்த்தால்தானே என்றார் தாவீது. என் வீட்டுக்காரருக்குத் தெரியும் என்று நான் அடித்துச் சொன்னேன். பதினோரு வருஷம் ஒரு கூரைக்குக் கீழே இருந்தவருக்கு நடை தெரியாதா, கை அசைவு தெரியாதா? தோள்வலிக்கு என்று சொன்ன உடற்பயிற்சி இதுதான் என்று வீட்டில் அவரிடம் உடைத்துச் சொன்னேன். நீங்களாக என்னைக் கண்டுபிடிக்க வேண்டும், நான் ஒரு குறிப்பும் தரமாட்டேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டார்.

அன்றைக்கு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் எட்டுப் பேர், எட்டுக் கம்பம். நான் என்றும் இல்லாதபடி ஆடினேன். வௌவாலில் தொங்கியபடி துணி இடுக்கு வழியாக அவரைத் தேடினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துதான் அழுகிறார், கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது. கம்பம் தொடையில் அறுத்ததுகூடத் தெரியவில்லை.

முடிந்ததும் சூட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பெனிட்டாவும் கூடவே வந்தாள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன் வடிவு" என்றார்.

எப்படி என்று கேட்டேன். என் குரலே எனக்குக் குழைந்து கேட்டது.

"அந்தத் தழும்பு. நம்ம இசக்கி வந்த வழில்லா அது. ஒம்பது வருசமா நான் கதவுக்கு வெளியவே நிக்க மாதிரிதான் இருந்துச்சு. இன்னைக்குத்தான் உள்ள வந்து பாத்தேன்."

அவர் நிறுத்தவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறாய், அதை மூடக்கூடச் செய்யாமல் மடித்துவிட்டுக்கொண்டு எப்படிச் சிரிப்பும் ஆட்டமுமாக இருந்தாய், உன் தைரியம் யாருக்கு வரும் என்று அடுக்கிக்கொண்டே போனார். பதினோரு வருஷத்தில் அந்த மனுஷன் என்னைப் பற்றி அவ்வளவு பேசியதே கிடையாது. பேசியதில் ஒரு சொல்கூட என்னுடையது இல்லை. பெனிட்டா என் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இவள் இப்போது சொல்லப்போகிறாள், என் மானம் போகப்போகிறது என்று நினைத்தேன்.

"ஆமா அண்ணாச்சி, வடிவக்காதான் எங்க எல்லாருக்கும் தைரியம் சொல்லுவாவ" என்றாள்.

சொல்லிவிட்டு என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். தழும்பை எனக்குத் தானமாகக் கொடுத்துவிட்டுப் போகிறாளாம். அவள் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தோம். இசக்கி பக்கத்துத் தெருவில் விளையாடப் போயிருந்தாள். நாலு மணி வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில்வரை வந்திருந்தது. அவர் கதவைச் சாத்தினார். என் எதிரே வந்து நின்று, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரித் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஒருதரம் கழட்டிக் காட்டுதியா? முகத்தோட சேத்துப் பாக்கணும்போல இருக்கு."

இதைக் கேட்கத்தானே இத்தனை வருஷம் காத்துக் கிடந்தேன். இப்போது கேட்கிறார், அவள் வயிற்றைக் கேட்கிறார். தலைவலி என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு நாள் என்றால் விட்டுவிடுவார், வற்புறுத்துகிற ஆள் இல்லை. பிறகு சாகிறவரை அந்தத் தழும்பை என்னுடையது என்று நினைத்துக்கொண்டு என்னைத் தாங்குவார். ஊர் உலகத்தில் எவளுக்கும் கிடைக்காத தாங்கலாக இருக்கும். ஆனால் அவர் என்னைத் தொடும்போதெல்லாம் அவர் மனதில் தெரிவது பெனிட்டாவின் வயிறாக இருக்கும். என் வீட்டில், என் கட்டிலில், என் புருஷன் மனதுக்குள் அவள் வந்து குடியிருக்க நான் விடுவேனா? நல்லவளாக இருந்தாலும் விடமாட்டேன். நல்லவளாக இருப்பதால் கண்டிப்பாக விடமாட்டேன்.

கழுத்துக் கொக்கியை எடுத்தேன். சூட்டு தோளிலிருந்து இறங்கி இடுப்பில் நின்றது. அதையும் உருவிக் கீழே தள்ளினேன். வெயில் நேராக என்மேல் விழுந்தது. தொடையெல்லாம் கம்பம் அழுத்திக் கன்றிப்போன இடங்கள், நீலமும் பச்சையுமாக. விலாவில் ஒரு சிராய்ப்பு. அந்த ஒரு பிடி இடுப்பு. கையால் மூடிக்கொள்ளாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பார்வை கீழே இறங்கியது, வயிற்றில் வந்து நின்றது. கிட்டே வந்தார், முழங்காலிட்டு உட்கார்ந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். வெயில் மறைக்கிறதோ என்று தலையைச் சாய்த்துக்கூடப் பார்த்தார். விரலை நீட்டினார், தொடாமலே எடுத்துக்கொண்டார்.

"எங்க வடிவு?" என்று கேட்டார்.

"அது பெனிட்டா. நான் ரெண்டாவது கம்பத்துல இருந்தேன்" என்றேன்.

அவர் நிமிரவில்லை, கண் இன்னும் என் வயிற்றில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"இங்கதான நிக்கேன்" என்றேன். "என்னயப் பாருங்க."