முடி உதிர்ந்த ஆடுகள்

பட்டிக்குள் நுழைந்ததும் நித்யஸ்ரீ தழைக்கட்டைத் தொப்பென்று போட்டாள். தோள் இரண்டும் வலித்தன.

"இன்னைக்கும் கொட்டியிருக்குதுங்களா அப்பாரு?"

தாத்தா வேங்கடசாமி கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை நிறையச் செம்பட்டை முடி. செம்மறி ஆட்டின் முதுகைத் தடவினாலே கையோடு வந்தது.

வெள்ளகோவில் பக்கம் மழை பெய்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆடு மேய்க்கும் கொறங்காட்டில் புல் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. வேலியோரத்துச் சவுண்டல் மரங்கள் மட்டும் வெயிலைச் சட்டை செய்யாமல் பச்சையாக நின்றன. வெறும் கல்லாங்காட்டிலும் பிழைத்து நிற்கிற மரம், வெட்ட வெட்டத் துளிர்க்கிற மரம். வேங்கடசாமி தம் கையால் நட்டவை. "ஊரே காஞ்சு கெடக்குது, எம்பட ஆடு மட்டும் பச்சைத் தழை திங்குது" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்வார்.

அந்த ஆடுகள்தான் இப்போது பாதியில் விட்ட சவரம் போல அங்கங்கே சொட்டையாக நின்றன.

"எல்லாம் அந்த மஜீத் குடுத்த பூச்சி மருந்து" என்று முணுமுணுத்தார்.

அப்துல் மஜீத் ஆட்டு வியாபாரி. வருஷா வருஷம் இவர்கள் பட்டியில் ஆடு வாங்குபவர். போன மாதம் ஆடுகளின் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து வாங்கி வந்து, தாமே ஒவ்வொன்றின் வாயிலும் ஊற்றிவிட்டுப் போனார். முடி கொட்டத் தொடங்கியதும் வேங்கடசாமி நேராகப் பேக்கரிக்குப் போனார். டீ குடிக்க வந்த அத்தனை பேர் நடுவிலும், "மஜீத் குடுக்கற மருந்தை ஆரும் தொடாதீங்க. எங்க பட்டிப் பேரையே கெடுத்துப்போட்டான்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அதோடு மஜீத்துக்கு யாரும் பட்டிக் கதவைத் திறக்கவில்லை.

மஜீத்தின் மகள் உஸ்மா வகுப்பில் நித்யஸ்ரீக்குப் பக்கத்தில் உட்காருபவள். சில நாள் கழித்து அவள் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

"ஏன் உஸ்மா இங்க வந்துட்டே?"

"உம் பக்கத்துல உக்காந்து, உன்ர சடையும் கொட்டிப்போச்சுன்னா? அதுக்கும் எங்கத்தா மருந்துதான் காரணம்னு உங்கப்பாரு சொல்லுவாரு."

நித்யஸ்ரீக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. உஸ்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"காலையில ஆடு வாங்கப் போற வண்டி பொழுதோட வெறும் வண்டியாத்தான் வருது" என்றாள் உஸ்மா. "அத்தா வந்ததும் படுத்துக்கறாரு. ஆர்கிட்டயும் பேசறதில்ல."

சாயங்காலம் நித்யஸ்ரீ தழை வெட்டப் போகவில்லை. தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருந்தாள். மொண்டி ஆடு நொண்டி நொண்டி வந்து அவள் மடியில் மூக்கைத் தேய்த்தது. கழுத்தைச் சொறிந்துவிட்டாள். கையைப் பார்த்தாள். ஒரு முடிகூட இல்லை. மெல்லப் பிடித்து இழுத்தும் பார்த்தாள். வரவில்லை. மொண்டிக்குத்தான் கோபம் வந்தது.

மொண்டிக்கும் அந்த மருந்துதான் ஊற்றினார்கள். முதல் வாய் மருந்தை அது மஜீத்தின் சட்டையிலேயே துப்ப, அவர் சிரித்துக்கொண்டே மறுபடியும் ஊற்றியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

அப்படியானால் மொண்டியிடம் என்ன வித்தியாசம்? மற்ற ஆடுகளோடு முட்டி மோதித் தழை தின்ன அதனால் முடியாது. அதனால் அவள் அதற்கு மட்டும் தனியாகச் சோளத்தட்டு போட்டு வந்தாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் ஒரு சவுண்டல் கொத்தை எடுத்துக்கொண்டு, உஸ்மாவையும் இழுத்துக்கொண்டு, மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டரம்மா நடந்ததைக் கேட்டு, தழையையும் பார்த்ததும், "இது மட்டுமா போடறீங்க?" என்று கேட்டார். "மத்த தீவனத்தோட கொஞ்சமாக் கலந்து போட்டா ரொம்பச் சத்து. இதையே வயிறு நெறையப் போட்டா, இதுல இருக்கற ஒரு நஞ்சு முடியைக் கொட்ட வெச்சுடும். இப்பவே நிறுத்துங்க. மறுபடியும் முளைச்சிடும்."

"அப்பப் பூச்சி மருந்தால இல்லீங்களா?" என்றாள் உஸ்மா.

"இல்லம்மா. இந்த மரத்து விதையைச் சில நாட்டுல பூச்சி மருந்தாவே குடுக்கறாங்க."

"அப்ப மரத்தையும் ஆரும் தொடாதீங்கன்னு பேக்கரியில உங்கப்பாரைச் சொல்லச் சொல்லு" என்றாள் உஸ்மா. நித்யஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வேங்கடசாமி வெகுநேரம் மொண்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் நட்ட மரமா கண்ணு?"

"மரம் நல்ல மரந்தானுங்க அப்பாரு. நாமதான் அதை மட்டுமே போட்டுட்டோம்."

"செரி. மஜீத்தை இங்க வரச் சொல்லு. ஊட்டுல வெச்சுச் சொல்லிப்போடறேன்."

நித்யஸ்ரீ தயங்கினாள். "கெடுத்துப்போட்டான்னு பேக்கரியிலதானுங்களே சொன்னீங்க?"

"இந்த ஊர்ல நான் சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுத்ததில்ல அம்மணி. நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு பேர் இருக்குது."

"உஸ்மா அத்தாவுக்கும் இருக்குதுங்களே."

அவர் எழுந்து போனார். காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மஜீத் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"வாங்க பாய், டீ குடிக்கலாம்."

பேக்கரியில் கூட்டம் இருந்தது. வேங்கடசாமி உட்காரவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஆடு முடி கொட்டுனது நான் போட்ட சவுண்டல் தழையால. மஜீத் பாய் மருந்துல ஒரு குத்தமும் இல்ல. விசாரிக்காமச் சொன்னது எம்பட தப்பு."

மஜீத் டீயை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஆறிப்போகுதுங்க, குடிங்க. முடிக்கென்னங்க, மீசையை எடுத்தா மொளைக்கறதில்லீங்களா?"

வேங்கடசாமியின் கை தானாக மீசைக்குப் போனது. பேக்கரியே சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்தார்.

"தாராபுரத்துல சோளத்தட்டு கெடைக்குதுங்க" என்றார் மஜீத். "ஏறுங்க, போய்ப் பாத்துட்டு வந்துரலாம்."

வேங்கடசாமி இதுவரை யார் வண்டியிலும் பின்னால் உட்கார்ந்ததில்லை. அன்று மஜீத்தின் மொபெட்டில் ஏறி உட்கார்ந்தார், முதுகை மட்டும் வளைக்காமல்.