சொல்லாமல் விட்ட பெயர்

காலையில் ரசம் சோறு பிசைந்து எடுத்துவந்த அம்சத்தை அறை வாசலிலேயே மறித்தாள் மதிவதனி.

"உள்ள வேணாங்க்கா. மருந்து ஏத்துனதுல பாப்பாவுக்கு வெள்ளணு ரொம்ப எறங்கிக் கெடக்கு. உங்களுக்கு இருமல் வேற..."

அம்சம் அவளுடைய ஓரகத்தி. பிள்ளையில்லாதவள். நான்கு வயதுக் கனிமொழியைப் பிறந்த நாள் முதல் இடுப்பிலேயே வைத்திருந்தவள். ரத்தப் புற்றுநோய் என்று தஞ்சாவூரில் சொன்ன அன்று அவள்தான் கதறினாள். மதிவதனி அழவேயில்லை.

"நம்ம ஆத்தா அப்பன் பண்ணை வீட்டு வாசல்ல நின்ன மாதிரி என்னையும் நிறுத்திட்டியே மதி..."

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

ஒருநாள் மதிவதனி கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருக்கையில் குழந்தை அழுதது. அம்சத்துக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய்த் தூக்கிவிட்டாள். மறுநாளே காய்ச்சல். பூதலூரிலிருந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு விரைந்த ஆம்புலன்சில், "பெரியம்மா என்னைத் தூக்குனாங்க" என்று குழந்தை முனகியது மதிவதனிக்கு மட்டும் கேட்டது.

"கிருமி ரத்தத்துல ஏறிடுச்சு. வெளியாளுங்க யாராச்சும் தூக்கினாங்களா?" என்று மருத்துவர் கேட்டார்.

"நாந்தான் சார்... கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனேன்."

"நீயெல்லாம் ஒரு தாயா?" என்றான் கணவன் நெடுமாறன், எல்லார் முன்னாலும். அவள் தலை கவிழ்ந்து நின்றாள். பிள்ளையில்லாதவள் கை பட்டுத்தான் இப்படி என்று ஊர் பேசினால் அம்சம் உயிரோடு இருக்க மாட்டாள்.

காய்ச்சல் இறங்கவில்லை. நெடுமாறன் மனைவியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அம்சம்தான் தாங்க முடியாமல் அவன் முன்னால் வந்து நின்றாள்.

"அவளத் திட்டாதீங்க தம்பி. அவ எந்தக் கோயிலுக்கும் போவல. தூக்குனது நாந்தான். அவ வேணாம்னு சொல்லியும்..."

நெடுமாறன் மனைவியைப் பார்த்தான். "ஏன் மதி சொல்லல?"

அவள் அம்சத்தின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உங்களாலதான் வந்துச்சுன்னு யாரு கண்டா? அத விடுங்க. பாப்பா கண்ணே தொறக்கலக்கா... எனக்குப் பயமா இருக்கு."

இத்தனை மாதமாக அடக்கியிருந்த அழுகை அம்சத்தின் தோளில் உடைந்தது. நெடுமாறன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

காய்ச்சல் மெதுவாகத்தான் இறங்கியது. "பொழைச்சிட்டா. ஆனா மறுபடி மருந்து ஆரம்பிக்கணும். உறுதியா இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் மருத்துவர்.

வார்டுக்கு மாற்றிய பிறகு, "கால் வலிக்குதும்மா" என்றது குழந்தை. ஒரு காலை மதிவதனி பிடித்துவிட்டாள். இருமல் நின்றிருந்த அம்சம், முகக்கவசத்துக்குள் அழுதபடியே மற்றக் காலைப் பிடித்துவிட்டாள்.