எதிராளிக்கு ஒரு குவளைத் தண்ணீர்

தைமிக்குக் காலையிலிருந்தே ஒன்றும் பிடிபடவில்லை.

அவளுடைய அம்மா ரீக்கா, பைன் காட்டு வாசனை எப்படி மேகமாகிறது என்று வருடக்கணக்காக ஆராய்ந்தவள். இன்று குவோப்பியோ பல்கலைக்கழகத்தில் எல்லார் முன்னாலும் நின்று பதில் சொல்ல வேண்டும். டாக்டர் பட்டம் கிடைத்தால் இங்கேயே வேலை. கிடைக்காவிட்டால் மறுபடி வேறு ஊர், மறுபடி புதுப் பள்ளி. தைமிக்கு ஊர் மாறி மாறி அலுத்துவிட்டது.

ஆய்வில் குறை கண்டுபிடிப்பதற்கென்றே ஹெல்சிங்கியிலிருந்து பேராசிரியர் ரௌத்தலா வந்திருந்தார். இங்கே அவருக்குப் பதவிப் பெயரே எதிராளி. ஆனால் சாயங்கால விருந்தும் அவருக்குத்தானாம். அம்மா அவருக்காகக் கலகுக்கோ என்ற மீன் ரொட்டிகூடச் சொல்லி வைத்திருந்தாள்.

"சண்டைக்கு வர்றவருக்கு எதுக்கும்மா சாப்பாடு?" என்று கேட்டாள் தைமி.

"இங்க அதுதான்டி வழக்கம்," என்றாள் அம்மா, பதற்றத்தில் கோட்டுப் பொத்தானைத் துளை மாற்றிப் போட்டுக்கொண்டே.

அரங்கில் ரௌத்தலா கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். ஓசோனை அளந்தது சரியா? இந்தக் கோடு ஏன் இப்படி வளைகிறது? அம்மா காகிதத்தைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னாள். குரல் நடுங்கியது.

திடீரென்று ரௌத்தலாவுக்கு இருமல் வந்தது. நிற்கவே இல்லை. அவருடைய குவளையோ காலி. அரங்கில் ஒருவரும் அசையவில்லை. நடுவில் எழுந்தால் மரியாதையில்லை என்று எல்லாரும் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

முன்வரிசையில் இருந்த தைமியின் மடியில் தண்ணீர் பாட்டில் இருந்தது. இவர் இப்படியே இருமினால் கேள்வி நின்றுவிடும், அம்மா தப்பித்துவிடுவாள் என்று நினைத்தாள். ஆனால் அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கோபமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எழுந்து போய் அவர் குவளையில் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தாள்.

ரௌத்தலா குடித்தார். தொண்டையைச் செருமினார்.

"இன்னும் ஒரு கேள்வி இருக்கு," என்றார். "வாசனைதான் மேகமாகுதுன்னு சொல்றீங்க. அதைக் கண்ணால பார்த்தீங்களா?"

தைமிக்குத் தண்ணீர் ஊற்றிய கையைக் கிள்ளிக்கொள்ளலாம் போலிருந்தது.

அம்மா காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"பார்த்தேன்," என்றாள். "பெரிய பைக்குள்ள பைன் கிளையை வெச்சு ஓசோனை விட்டோம். வாசனை பொடித் தூசாகி, தெளிஞ்சிருந்த பை மூட்டம் போட்டுச்சு. ஈரக் காத்தைக் குளிர வெச்சதும், அந்தத் தூசு மேலயே தண்ணி கட்டுச்சு. அன்னைக்கு நான் வீட்டுக்குப் போகவே இல்லை."

இப்போது குரல் நடுங்கவில்லை. வீட்டில் பேசுகிற அதே குரல். ரௌத்தலா எழுந்து, பட்டம் கொடுக்கலாம் என்று சிபாரிசு செய்தார்.

விருந்தில் தைமி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரௌத்தலா குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"நீ தண்ணி கொடுக்கலைன்னா நான் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டேன். பட்டம் கொடுக்கலாமான்னு அதுவரைக்கும் எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு."

அவர் சொன்னது புரியத் தைமிக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், மீன் ரொட்டியில் இருந்த பெரிய துண்டை எடுத்து எதிராளியின் தட்டில் வைத்தாள்.